இறக்கி வைத்த பன்றிகள்

பம்பரத்தின் பன்றிகள் மொத்தமும் செத்துப்போன செய்தி அவனுக்குத் தீவன ஆலையில்தான் தெரியவந்தது. அன்று காலையில்தான் கொட்டகையைக் கழுவிவிட்டு, அவற்றில் ஒன்றிடம் முழங்காலில் நன்றாக ஓர் இடி வாங்கிக்கொண்டு, நொண்டியபடியே வந்திருந்தான். அந்த வலி இன்னும் இருந்தது. இடித்த பன்றிதான் இல்லை என்றார்கள்.

"மனசத் தேத்திக்குங்க. எங்களுக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது," என்றார் ஆலை எழுத்தர். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

எழுத்தர் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். பண்ணையின் எண், அதற்குக் கீழே அவன் மனைவியின் பெயர், அதற்கும் கீழே சிவப்புக் கொட்டை எழுத்தில் 'இறப்பு: முழுத் தொகுதி' என்று இருந்தது.

"என்னங்க இது? எல்லாம் உயிரோட இருக்கு. பசியில கத்திக்கிட்டு இருக்கு. அதுக்குத்தான தீவனம் எடுக்க வந்திருக்கேன்!"

"இருக்கலாம். இல்லைன்னு நான் சொல்லல. ஆனா செத்த பன்னிக்குத் தீவனம் போட்டா இந்தத் திரையில எங்க ஆலையும் சிவப்பாயிடும். சிவப்பானா சோளம் வராது. சோளம் வரலைன்னா நானும் உங்கள மாதிரி தெருத்தெருவா அலைய வேண்டியதுதான்."

பம்பரம் என்பது ஊரார் வைத்த பெயர். உட்கார்ந்து சாப்பிடத் தெரியாதவன். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தபடியே சாப்பிடுவான். தூங்கும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும் என்று மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவன் காலில் வெந்நீரை ஊற்றினால் கேட்க வேண்டுமா? வண்டியை நேரே மையத்துக்கு விட்டான். கொட்டகையில் இருந்த தீவனம் அன்று மாலைக்கே கையைக் கடிக்கும். அதற்குள் பன்றிகளை உயிரோடு எழுப்பியாக வேண்டும்.

மையம் என்றால் ஒருங்கிணைந்த பன்றித் தொடர் தரவு மையம். முன்பெல்லாம் குட்டி விற்பவர் ஒரு கணக்கு வைத்திருந்தார், லாரிக்காரர் ஒரு கணக்கு, தீவன ஆலை ஒன்று, கால்நடை மருத்துவர் ஒன்று, வெட்டுக்கூடம் ஒன்று, இறைச்சிக் கடை ஒன்று. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இப்படித் தெரியாமல் இருந்த காலம் முழுவதும் பன்றிகள் தின்றுகொண்டும் கொழுத்துக்கொண்டும் இருந்தது பெரிய அநியாயம் என்று சிலருக்குப் பட்டது. அவர்கள் எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கலக்க ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டினார்கள். பன்றி காலையில் தும்மினால் மாலையில் கடைக்காரர் கைக்குட்டை நீட்ட வேண்டும் என்பது அவர்களுடைய லட்சியம். சேர்வது அவரவர் விருப்பம் என்றும் சொன்னார்கள். சேராதவருக்குத் தீவனம் இல்லை என்பதை மட்டும் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பம்பரத்துக்கு அந்தச் சின்ன எழுத்தைக்கூடப் படிக்க வேண்டி வரவில்லை. மனைவியின் தம்பி மையத்தில்தான் வேலை பார்த்தான். "கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க மாமா, நான் இருக்கேன்ல," என்றான். பண்ணை மனைவி பெயரில் இருந்தாலும் அவளுக்காகக் கையெழுத்துப் போடுகிறவன் பம்பரம்தான்; அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டான்.

மையத்தின் வாசலில் வாடை நீக்கும் அறை என்று ஒன்று இருந்தது. பண்ணையாளர்கள் யாராயிருந்தாலும் அதற்குள் நின்று நாலு பக்கமும் வாசனைத் தெளிப்பு வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே போகலாம். மல்லிகையா எலுமிச்சையா என்று கேட்டார்கள். ஏதோ ஒன்று என்றான். 'ஏதோ ஒன்று' என்ற தெரிவு இல்லை என்றார்கள். எலுமிச்சை மணக்க உள்ளே நுழைந்தான். சுவர் முழுக்க ரோஜா நிறத்தில் பன்றிகள் சிரித்தபடி வரையப்பட்டிருந்தன. அவன் வளர்த்த எந்தப் பன்றியும் அப்படிச் சிரித்ததில்லை.

இரண்டு பிரிவுகள் எதிரெதிராக இருந்தன. ஒன்று உயிருள்ளவை, மற்றது உயிரற்றவை. உயிருள்ளவை பிரிவில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க இங்க இல்லீங்க. எதிர்ப்பக்கம் போங்க," என்றார். எதிர்ப்பக்கம் போனான். அங்கே மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அங்கிருந்த அம்மா கனிவே உருவானவர்.

"காரணம் மட்டும் சொல்லுங்க. காய்ச்சல், வயித்துப்போக்கு, நெரிசல், பிற. இதுல எது?"

"சாகவே இல்லீங்கம்மா."

"அப்போ பிற," என்று அழுத்தினார் அந்த அம்மா.

பம்பரம் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். பன்றிகள் உயிரோடு இருக்கின்றன, வேண்டுமானால் வந்து பாருங்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று கத்தினான். அந்த அம்மா கோபப்படவில்லை. மேசைக்கு அடியில் ஒரு மணியை அழுத்தினார். ஆறுதல் ஆலோசகர் என்று ஒருவர் வந்து அவன் தோளில் கை போட்டுப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்.

"உயிரோட இருக்கிற மாதிரியே தோணுதா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"தோணலீங்க. இருக்கு."

"சத்தம் கூட கேக்குதா?"

"கேக்காம? பசியில தொண்டை கிழியக் கத்துது."

"கண்ணுக்கும் தெரியுதா?"

"முழங்கால்ல இடிச்சுதுங்க, இதோ பாருங்க," என்று பம்பரம் கால்சட்டையை உயர்த்திக் காட்டினான். நீலம் பாரித்திருந்தது.

ஆலோசகர் காயத்தைப் பரிவோடு பார்த்தார். "இழப்ப ஏத்துக்க முடியாதவங்க தங்களையே காயப்படுத்திக்கிறது உண்டு. தப்பில்ல. கொஞ்ச நாளைக்குக் கொட்டகைப் பக்கமே போகாதீங்க. நெனப்பு தானா அடங்கிடும்."

போகாமல் இருந்தால் நினைப்பு அடங்காது, பன்றிகள்தான் அடங்கும். இதை எப்படி அவருக்கு விளங்கவைப்பது என்று தெரியாமல் பம்பரம் விழித்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"மாமா, சத்தம் போடாதீங்க. இங்க எல்லாம் என்னைத் தெரியும்."

"மாப்ள, என் பன்னிங்களக் கொன்னது யாரு?"

மைத்துனன் அவனை நடைக்கூடத்தின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குசுகுசுத்தான். விஷயம் இதுதான். லாரிக்காரர்களின் கணக்கில் ஏற்றம், இறக்கம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. குட்டிகளை ஏற்றினால் ஏற்றம், பண்ணையில் இறக்கினால் இறக்கம். மருத்துவரின் கணக்கில் பிறப்பு, இறப்பு என்று இரண்டு கட்டங்கள். எல்லாக் கணக்கையும் சேர்க்கும்போது சொற்கள் அதிகமாகிவிட்டன. ஆகவே சொற்சிக்கனக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அந்தக் குழு சென்ற வாரம் இறக்கத்தையும் இறப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

"ரெண்டும் 'இற'லதான தொடங்குது மாமா. கம்ப்யூட்டர் முதல் ரெண்டு எழுத்து ஒத்துப்போனா ஒண்ணுன்னு எடுத்துக்கும். இறைச்சி கூட முதல்ல அதுலதான் இருந்துச்சு. கடைக்காரங்க சண்டை போட்டதால தனியாப் பிரிச்சோம்."

"அப்போ லாரியில வந்த எல்லாப் பன்னியும் செத்திருக்கணுமே?"

"மத்த லாரிக்காரங்க அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதறதில்ல. உங்களுக்குக் குட்டி கொண்டுவந்த டிரைவர் ஒருத்தர்தான் ஒழுங்கா எழுதியிருக்காரு. 'எல்லாக் குட்டியும் நல்லபடியா இறக்கம்'னு. அவரால வந்த வினை இது."

"நல்லபடியா இறக்கம்னா நல்லபடியா செத்துப்போச்சுன்னா அர்த்தம்? எவன்டா அந்தக் குழுவுல இருந்தவன்?"

மைத்துனன் அடையாள அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். அதில் அவனுடைய புதுப் பதவி அச்சாகியிருந்தது: தலைவர், சொற்சிக்கனக் குழு.

அன்று மாலை கொட்டகையில் தீவனம் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. பன்றிகள் போட்ட கூச்சலில் வீட்டுச் சன்னல்கள் அதிர்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரை எல்லோரும் நிதானம் என்பார்கள். எழுந்து நிற்பதற்கே முன்யோசனை செய்கிற மனிதர். அவர் மெல்ல வந்து வேலியருகே நின்று, கொஞ்சம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு தோளில் ஒரு மூட்டையோடு வந்து அதை வேலிக்கு மேல் தள்ளிவிட்டார்.

"அண்ணே, மையத்துக்குத் தெரிஞ்சா..."

"பசிக்குது தம்பி அதுங்களுக்கு. முதல்ல போடு. அப்புறம் பேசலாம்."

அதன் பிறகு தினமும் ஒரு மூட்டை வேலியைத் தாண்டி வந்தது. நிதானத்தின் கொட்டகையிலும் தீவனம் மலையாகக் குவிந்து கிடக்கவில்லை. அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. பம்பரத்துக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டு நன்றி சொல்லக்கூட நிற்காமல் ஓடினான்.

இதற்குள் மைத்துனன் ஒரு வழி கண்டுபிடித்தான். இறந்ததை உயிர்ப்பிக்க மையத்தில் வசதி கிடையாது. அப்படி உயிர்ப்பித்தால் மேலிடத்துக்கு அனுப்பிய போன வாரத்து அறிக்கை பொய்யாகிவிடும். ஆனால் புதிதாகப் பிறக்கத் தடையில்லை. ஆகவே எல்லாப் பன்றிகளையும் அன்றுதான் பிறந்ததாகப் பதிந்துவிட்டான். தாய் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட முடியவில்லை. அந்தப் பண்ணையில் உயிரோடு இருப்பதாகக் கணினிக்குத் தெரிந்த ஒரே ஜீவன் பண்ணையின் உரிமையாளர்தான். பண்ணை அக்காள் பெயரில், அதாவது பம்பரத்தின் மனைவி பெயரில், இருந்தது.

"என்ன எழுதின?" என்று கேட்டாள் அக்காள், தம்பியைத் தலைவாசலிலேயே நிறுத்தி.

"அக்கா, கம்ப்யூட்டர்லதான..."

"ஒன்னத் தூக்கி வளத்ததுக்கு எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டடா! ரேஷன் அட்டையில ஏறுமா இல்ல அங்கயே நின்னுக்குமா?" கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே வைக்கவே இல்லை. அவன் வாசலில் நின்றபடியே விடைபெற்றான்.

மறுநாள் மையத்தின் வண்டி வந்து, புதிதாகப் பிறந்தவற்றுக்கான சலுகைகளை இறக்கியது. தலைக்கு ஒரு சின்ன டின் பால்மாவு, ஒரு ரப்பர் காம்பு, உடம்புச் சூட்டுக்கு ஒரு விளக்கு, மடியில் வைத்து ஊட்டுவது எப்படி என்று படம் போட்ட தாள். பம்பரத்தின் பன்றிகள் ஒவ்வொன்றும் அவனைவிட எடை அதிகம். மடியில் வைத்தால் ஊட்டுகிறவனைத்தான் பிறகு அள்ள வேண்டும். முதல் பன்றி பால்மாவை டின்னோடு கடித்தது. இரண்டாவது பன்றி விளக்கைத் தின்றது.

வெட்டுக்கூடத்துக்குப் போய், பன்றிகள் விற்கிற பருவத்தில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிப் பார்த்தான். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்துப் பொறந்த பச்ச மண்ணுங்கள வெட்டச் சொல்றீங்களே, நீங்கள்லாம் மனுஷன்தானா?"

கொட்டகைத் தரையில் மையம் ஓர் எடைப் பலகையைப் பதித்திருந்தது. பன்றி அதன்மேல் ஏறினால் எடை தானாக மையத்துக்குப் போய்விடும்; செத்த பன்றியின் எடையை மட்டும் மையம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. முதல் நாள் பிறந்த பன்றிகள் இரண்டாம் நாள் பலகையில் ஏறின. மையத்தில் கொண்டாட்டம் தொடங்கியது. பால்மாவை மட்டும் குடித்து ஒரே நாளில் முழுப் பன்றியாக வளர்ந்த குட்டிகளை இதுவரை எந்தத் தரவும் கண்டதில்லை. பலகையில் கோளாறோ என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

இயக்குநரே தொலைபேசியில் பேசினார். பம்பரத்தின் பண்ணை இனி மாதிரிப் பண்ணை. விழா நடக்கும். மாதிரிப் பண்ணைக்கு ஆராய்ச்சிக்காக எவ்வளவு தீவனம் வேண்டுமானாலும் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதே விழாவில் இன்னொரு அறிவிப்பும் வரும்: மற்ற எல்லாப் பண்ணைகளுக்கும் இனித் தீவனம் நிறுத்தப்படும், தலைக்கு ஒரு டின் பால்மாவு மட்டும் தரப்படும். பம்பரத்தின் பன்றிகள்தான் அதற்கு ஆதாரம்.

விழா நாளன்று மைத்துனன் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி கெஞ்சினான். "ஒரே ஒரு வார்த்தை மாமா. பன்னிக்கு என்ன போட்டீங்கன்னு கேப்பாரு. பால்மாவுன்னு சொல்லிட்டு இறங்கி வந்துடுங்க. தீவன லாரி வெளியிலயே நிக்குது. உங்க பன்னியும் பொழைச்சுக்கும், என் வேலையும் பொழைச்சுக்கும்."

"ஒரு வார்த்தைதானே," என்றாள் மனைவியும். அவளுக்கும் அந்தக் கூச்சலைக் கேட்டுக் கேட்டு உடம்பு இளைத்துப்போயிருந்தது. "சொல்லித் தொலைச்சிட்டு வாங்க."

கூடம் நிரம்பியிருந்தது. பண்ணைக்காரர்கள் எல்லோரும் எலுமிச்சையும் மல்லிகையுமாக மணந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பம்பரத்தை மேடையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவனால் உட்கார முடியவில்லை. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் வெளிப்படையாகப் பேசுகிறவன்," என்று தொடங்கினார். "எனக்குப் பன்றி என்றால் ஆகாது. நாற்றம் ஒத்துக்கொள்ளாது. பதவி ஏற்றபோது ஒரு பண்ணைக்குப் போனேன், வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டேன். அன்றே முடிவு செய்தேன், இந்தத் தொழிலை இப்படியே விடக்கூடாது என்று. இன்று பாருங்கள்! பன்றியின் தரவு நாறுவதில்லை. கத்துவதில்லை. இடிப்பதில்லை. ஒரு பன்றியைக்கூடப் பார்க்காமல் எல்லாப் பன்றிகளையும் என்னால் பார்க்க முடிகிறது. குட்டி விற்பவரிலிருந்து இறைச்சிக் கடை வரை போகும் இந்தச் சங்கிலியில் எத்தனையோ தடைகள் இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கினோம். மிச்சமிருக்கிற ஒரே தடை, உண்மையைச் சொன்னால், பன்றிதான். அதற்கும் காலம் வரும்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களுடைய இருக்கை எண்ணை ஒருவர் குறித்துக்கொண்டு போனார்.

"இதோ நம்முடைய சாதனையாளர். சொல்லுங்கள், உங்கள் பன்றிகளுக்கு என்ன கொடுத்தீர்கள்?"

ஒலிபெருக்கி வாய்க்கு நேரே வந்தது. பம்பரம் கூட்டத்தைப் பார்த்தான். நாலாவது வரிசையில் நிதானம் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவனைக் குற்றம் சொல்லாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நாளைக்கு அவருடைய கொட்டகைக்கும் டின்தான் போகும். அவருடைய மூட்டையைத் தின்றுவிட்டு அவருடைய பன்றியின் வாயில் மண்ணைப் போடுவதா? பம்பரத்துக்கு அவமானத்தில் காது சுட்டது. தன் பன்றிகளின் கூச்சலும் காதிலேயே நின்றது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"அவரு தீவனத்தைப் போட்டேன்," என்று கை நீட்டினான். "பால்மாவும் இல்ல ஒண்ணும் இல்ல. தெனமும் ஒரு மூட்டை வேலிக்கு மேல தள்ளிவிட்டாரு. அந்தப் பன்னிங்க நேத்துப் பொறந்ததும் இல்ல, அதுக்கு முன்னாடி செத்ததும் இல்ல. லாரியிலேர்ந்து இறக்கினாங்க, அவ்வளவுதான். இறக்கினா சாவாங்களா? நீங்ககூட கார்லேர்ந்து இறங்கித்தான உள்ள வந்தீங்க?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைத்துனன் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

இயக்குநர் அசரவில்லை. இந்த மாதிரி மனிதர்களை உண்மை ஒன்றும் செய்வதில்லை. அவர் உதவியாளரிடம் இரண்டு பண்ணைகளின் எண்களையும் திரையில் போடச் சொன்னார். நிதானத்தின் பண்ணை செக்கச் சிவந்து கிடந்தது. வாங்கிய தீவனம் அதிகம், தின்னப் பன்றிகள் போதவில்லை. விரயம் என்று அதற்கு முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். பம்பரத்தின் பண்ணையில் பன்றிகள் இருந்தன, தின்றதற்குத் தீவனம் இல்லை.

"பார்த்தீர்களா!" என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "ஒரு பக்கம் பன்றி இல்லாத தீவனம். ஒரு பக்கம் தீவனம் இல்லாத பன்றி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இதுவரை யாராவது இருந்தார்களா? சங்கிலியில் உரிமை என்பது தீவனத்தின் வழியாக வருவது. யாருடைய தீவனத்தைத் தின்றதோ, அவருடைய பன்றி. இந்தப் பன்றிகள் சாகவும் இல்லை, பிறக்கவும் இல்லை. அவை எப்போதும் அந்தப் பெரியவருடைய பன்றிகளாகவே இருந்திருக்கின்றன."

பால்மாவு அறிவிப்பை ஆய்வுக்காகத் தள்ளிவைப்பதாகச் சொன்னார். கூட்டம் பெருமூச்சு விட்டுக் கைதட்டியது. இந்த முறை தட்டாதவர் என்று யாரையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு எதுக்குய்யா அவன் பன்னி?" என்று நிதானம் எழுந்து நின்றார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. "அது அவன் வளத்தது."

"சம்மதம் அவர்தான் தர வேண்டும்," என்ற இயக்குநர் ஒரு கண்ணாடிப் பலகையைப் பம்பரத்தின் முன் நீட்டினார். "விரலை வைத்தால் பன்றிகள் உயிரோடு இருக்கும், இன்றே தீவனம் போகும், பருவத்தில் விற்கவும் விற்கலாம். உங்களுடையதாக இருக்காது, அவ்வளவுதான். வைக்காவிட்டால் பழையபடி பிறந்த குட்டிகள். டின் வரும்."

பம்பரம் நிதானத்தைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். குட்டிகளாக வந்தவற்றை அவள்தான் சாக்கு விரித்துப் படுக்கவைத்தாள். அழுகை அவனுக்கும் வந்தது. அழுதுகொண்டே விரலை வைத்தான். திரையில் அவனுடைய பண்ணைக்கு எதிரே இருந்த எல்லாக் கட்டங்களும் வெறுமையாயின. அக்கம்பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் மேலே அது பச்சையாக ஏறி நின்றது. நோய் இல்லை, விரயம் இல்லை, இழப்பு இல்லை, பன்றியும் இல்லை. இந்தக் காலாண்டின் சிறந்த பண்ணை என்று இயக்குநர் விழாவுக்கென்று செய்து வைத்திருந்த கோப்பையை அவன் கையிலேயே திணித்தார். செய்த கோப்பையை வீணாக்க முடியாதல்லவா?

அன்றைக்கே தீவனம் வந்தது, நிதானத்தின் வாசலுக்கு. இருவரும் சேர்ந்து மூட்டைகளை வேலிக்கு மேல் தள்ளினார்கள். பன்றிகள் தின்ற சத்தத்தில் பம்பரத்தின் மனைவி நிம்மதியாக ஒருபாட்டம் அழுது தீர்த்தாள். விற்கிற பணத்தைப் பம்பரத்துக்கே அனுப்ப நிதானம் முயன்று பார்த்தார். பன்றி இல்லாத பண்ணைக்குப் பன்றி விலை ஏது என்று மையம் மறுத்துவிட்டது. கூலி என்று போட்டால் விடும் என்றார்கள். கூலி என்றே போட்டார். அதை எழுதும்போது அவருக்குக் கை ஓடவில்லை.

பருவம் வந்ததும் வெட்டுக்கூடத்து லாரி வந்து நின்றது. வேலையாள் கையடக்கக் கருவியோடு இறங்கி, நிதானத்திடம் விரல் ரேகை வாங்கிக்கொண்டார். பம்பரம் கொட்டகைக் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தட்டிக் கொடுத்து ஏற்றினான். எந்தப் பன்றி இடது பக்கம் ஒதுங்கும், எது தள்ளினால்தான் நகரும் என்று அவனுக்குத்தான் தெரியும். வேலையாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கருவியை அவன் பக்கம் நீட்டினார்.

"உரிமையாளர் அவரு. அப்போ நீங்க யாரு? இங்க நிக்கிற ஆளை எல்லாம் பதியணும்."

லாரிக்குள் இருந்து ஒரு பன்றி பம்பரம் நிற்கிற பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி காட்டுறவன்," என்றான்.

"யாருக்கு?"

"பன்னிக்கு மட்டும்தாங்க. மத்த எல்லாரும் எனக்குக் காட்டுறாங்க."